சுரங்கத்துக்கு அந்தப் பக்கம்

அவள் வேலை பல் செய்வது. பிடுங்குவது டாக்டரின் பாடு; பிடுங்கிய இடத்தில் வைக்க வேண்டியதைச் செய்து அனுப்புவது அவள் பாடு. பல் மருத்துவமனையின் பின்கட்டில், ஜன்னலை ஒட்டி ஒரு நீள மேசை. அதன்மேல் பிளாஸ்டர் அச்சுகள், மெழுகுக் கட்டிகள், எறும்புக்குப் பல் தேய்க்கலாம் போன்ற பொடிப்பொடி அரங்கள், ஈறு நிறத்தில் ஒரு டப்பா பொடி. முன்பின் தெரியாதவர்களின் தாடையைப் பகலெல்லாம் உற்றுப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து ரயில் விடுவாள்.

உள்ளங்கையில் அடங்குகிற ரயில். அது ஓடுகிற ஊர் ஒரு கதவின்மேல் இருந்தது. குளியலறைக்குப் புதுக் கதவு போட்டபோது கழற்றிய பழைய மரக்கதவு அது. சாப்பாட்டு அறையில், சுவரோரமாக, இரண்டு மரத் தாங்கிகளின்மேல் அதைப் படுக்கப் போட்டிருந்தாள். ஒரு முனையில் ஸ்டேஷன். அங்கிருந்து வயல், ஒரு பாலம், மறு முனையில் மலை. கைப்பிடி இருந்த ஓட்டையை ஏரியாக மாற்றி, அடியில் பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற வட்டக் கண்ணாடியைப் பதித்திருந்தாள். மின்கம்பிகள் எல்லாம் பல்லிடுக்கு நூல். மலை, அச்சுக்குப் போக மிஞ்சிய பிளாஸ்டர். மலையில் ஒரு சுரங்கம். ரயில் அதற்குள் நுழைந்து, வீட்டுச் சுவரில் மூக்கை முட்டி நின்று, வந்த வழியே பின்னால் வரும். அவ்வளவுதான் மொத்தப் போக்குவரத்தும்.

ஆனால் படத்தில் அப்படித் தெரியாது. அவள் போனைத் தண்டவாள மட்டத்துக்குத் தாழ்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வெயில் மலையின் முதுகில் ஏறும் நேரமாகப் பார்த்து எடுப்பாள். சில கோணங்களுக்கு இன்னொரு வாய்க் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து அதில் தெரிவதை எடுப்பாள். ஞாயிறு காலைகளில் 'சின்னத் தண்டவாளம்' குழுவில் அந்தப் படங்கள் வந்து விழும்போது, அது கதவு என்று கதவைச் செய்த தச்சன்கூடச் சொல்ல மாட்டான்.

குழுவில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. இவள் பல்லக்கா. குழுவை நடத்துகிறவர் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர். அவரை எல்லோரும் அட்மின் என்றார்கள். அவருடைய செய்திகள் நீளமானவை. படித்து முடிப்பதற்குள் கண் செருகுகிறது, தொழில் பக்தி என்றால் இதுதான் என்று ஒருவர் எழுதப்போய் இரண்டு நாள் மனவருத்தம். திரைச்சீலை தைக்கிற ஒரு பெண்மணி பாலங்கள் மட்டுமே செய்வார். ரயில் அவருக்கு இரண்டாம் பட்சம். அவர் பெயர் பாலம். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிற ஒருவர், ஊருக்குப் பின்னால் வைக்கிற வானம் வரைவதில் மன்னர். அவர் மேகம்.

"பல்லக்கா, உங்க ஊர் எவ்வளவு பெருசு?" என்று ஒரு முறை மேகம் எழுதிக் கேட்டார்.

"ஒரு ரூம்ல இருக்கு," என்று பதில் போட்டாள். அதில் பொய் எதுவும் இல்லை.

"சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் என்ன?" என்று பாலம் கேட்டார்.

"அந்தப் பக்கம் இன்னும் படம் எடுக்கலை." அதிலும் பொய் இல்லை.

அங்கேதான் வினை பிடித்தது. அந்தப் பக்கம் துறைமுகம் இருக்கும் என்றார் பாலம், துறைமுகம் என்றால் பாலம் வேண்டுமே என்கிற ஆசையில். பனிமலை என்றார் மேகம். அட்மின், மலையின் சரிவைப் பார்த்தால் அந்தப் பக்கம் நிலக்கரிச் சுரங்கமாகத்தான் இருக்க முடியும் என்று மூன்று திரை நீளத்துக்கு நிரூபித்தார். வாரக்கணக்கில் விவாதம் ஓடியது. சண்டைகூட வந்தது. பல்லக்கா எதையும் மறுக்கவில்லை. யாருடைய மேல்தாடையையோ அரத்தால் தேய்த்துக்கொண்டே, போனை ஓரக்கண்ணால் பார்த்து ரசித்தாள்.

ஒரு திங்கட்கிழமை, கையெல்லாம் பிளாஸ்டராக இருந்தபோது போன் விடாமல் அதிர்ந்தது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு எடுத்துப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிவாகியிருந்தது. குழு முதல் முறையாக நேரில் சந்திக்கப் போகிறது. அட்மின் வீட்டு ஷெட்டில் அவர் மனைவியின் கார் நிற்கிறது. பாலத்திடம் பாலங்கள் மட்டும்தான், அவையும் அட்டைப் பெட்டிகளில். மேகத்திடம் வானம்தான் உண்டு, பூமி இல்லை. ஆகவே குழுவிலேயே பெரிய ஊரை வைத்திருக்கும் பல்லக்காவின் வீட்டில், வருகிற ஞாயிறு. பிஸ்கட் யார் கொண்டுவருவது என்பதுவரை பேசி முடித்துவிட்டார்கள்.

அவள் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். பேருந்து நிறையக் குழந்தைகளின் கூச்சலில் வருடக்கணக்காக இருந்து பழகியதால் அவருடைய சிரிப்பும் அந்தச் சத்தத்துக்கு மேலேதான் ஆரம்பிக்கும். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். பக்கத்து வீட்டிலிருந்து சுவரில் 'டொக் டொக்' என்று சத்தம் வந்ததும் குறைத்துக்கொண்டார்.

"எத்தனை பேரும்மா வர்றாங்க?"

"மூணு பேர்."

"மூணு பேரும் உக்காந்து டீ குடிக்க இடம் இருக்கு. ரயில் பார்க்கத்தான் இடம் இல்ல."

"நான் ஒரு பொய்யும் சொல்லலைங்க."

"சொல்லலை. உண்மையை ரொம்பக் கிட்டக்க வெச்சு படம் எடுத்துட்ட, அவ்வளவுதான்."

அவள் தப்பிக்கப் பார்த்தாள். வீட்டில் பெயிண்ட் அடிக்கிறோம் என்று குழுவில் எழுதினாள். "நான் வந்து அடிச்சுத் தர்றேன், சீலிங்ல வானமும் போட்டுடலாம்," என்றார் மேகம். வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினாள். "நான் வந்து பார்க்கறேன்," என்றார் அட்மின். மயக்க மருந்து டாக்டர் வந்து தன்னைப் பார்ப்பதில் கணவருக்கு விருப்பமில்லை. அன்றோடு அவருக்கு உடம்பு தேறியது.

வெள்ளிக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சுவருக்குப் பின்னால என்ன இருக்கு?"

"என்ன இருக்கு?"

"நம்ம மாடிப்படிக்கு அடியில இருக்கிற அலமாரி. அதுக்குள்ள என்ன இருக்கு? போடாத செருப்பு. செருப்பைத் தூக்கிப் போட்டுட்டு ரயிலை உள்ள விடு. அந்தப் பக்கம் துறைமுகமோ கரியோ, என்ன வேணுமோ கட்டிக்கோ."

அவள் கையில் இருந்த ரொட்டி அப்படியே நின்றது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் இவர் சொன்னவற்றிலேயே சிறந்தது இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த வீடு ஒரு காலத்தில் ஒரே பெரிய வீடு. பிறகு நடுவே மெல்லிய பலகைச் சுவர் எழுப்பி இரண்டாக்கிவிட்டார்கள். மறுபாதியில் இருந்தவர் சட்டப் புத்தகங்களுக்கு அச்சுப்பிழை பார்க்கிறவர். வீட்டிலேயே உட்கார்ந்து வேலை. இவர்கள் குடிவந்த நாள் முதல் அவரோடு இருந்த பேச்சுவார்த்தை எல்லாம் சுவர் வழியாகத்தான். ஒரு தட்டு என்றால் டிவியைக் குறை. இரண்டு தட்டு என்றால் சிரிப்பைக் குறை. தெருவில் எதிர்ப்பட்டால் ஒரு காற்புள்ளி அளவுக்குத் தலையை அசைப்பார். இவர்கள் வீட்டில் அவருக்குப் பெயர் டொக்டொக்.

சனிக்கிழமை மத்தியானம் கணவர் டிரில்லையும் வட்டமாக வெட்டுகிற ரம்பப் பல்லையும் கொண்டுவந்தார். மலையை நகர்த்திவிட்டு, படிக்கட்டின் ஓரத்திலிருந்து சாண் போட்டு அளந்து, பென்சிலால் வட்டம் போட்டார்.

"டேப் வெச்சு அளக்கலாமேங்க."

"அவ்வளவு பெரிய பஸ்ஸை சந்துக்குள்ள பின்னால எடுக்கறவன் நான். எனக்கு டேப்பா?"

டிரில் கத்தியது. சுவர் அதிர்ந்தது. இடையில் டொக் டொக் என்று ஏதோ கேட்டது போலிருந்தது. டிரில்லின் சத்தம்தான் அப்படிக் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். வெட்டிய வட்டம் அந்தப் பக்கம் போய் விழுந்தது. இருட்டான ஓட்டை தெரிய வேண்டிய இடத்தில் நல்ல வெளிச்சம் தெரிந்தது.

கணவர் குனிந்து கண்ணை வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னங்க, செருப்பு தெரியுதா?"

"செருப்பு தெரியுது," என்றார் அவர் மெதுவாக. "ஆனா அதுக்குள்ள கால் இருக்கு."

அந்தக் கால்கள் ஒரு முக்காலியின்மேல் நீட்டியிருந்தன. பிறகு கீழே இறங்கின. ஓட்டையை நோக்கி வந்தன. ஓட்டையில் ஒரு மூக்குக் கண்ணாடி தெரிந்தது.

"சுவத்துல ஒரு ஓட்டை இருக்கு," என்றது கண்ணாடி.

"ஆமாங்க," என்றார் கணவர். "இப்பத்தான் வந்துச்சு."

"நான் தட்டிக்கிட்டே இருந்தேன்."

"நானும் தட்டிக்கிட்டுத்தாங்க இருந்தேன்."

இதற்குமேல் இவரைப் பேசவிட்டால் ஓட்டை இன்னும் பெரிதாகும் என்று புரிந்து அவள் வாசலுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டு அழைப்பு மணியை அழுத்திய பிறகுதான் கையில் எஞ்சின் இருப்பதைக் கவனித்தாள். ஒளித்துக்கொள்ள இடமில்லை. கதவு திறந்தது.

அவருடைய அறை முழுக்கக் காகிதம். மேசையில் அடுக்கிய தாள்களின்மேல் சுவரின் தூள் மெல்லிசாகப் படிந்திருந்தது. வெட்டுண்ட வட்டப் பலகையை அவர் ஏற்கெனவே எடுத்து, தாள்கள் பறக்காமல் இருக்க வெயிட்டாக வைத்திருந்தார். ஓட்டை, சாண் கணக்கு பிசகி, அவருடைய புத்தக அலமாரியின் நடுத்தட்டில், தடிமனான இரண்டு சட்டப் புத்தகங்களுக்கு நடுவில் இருந்தது. அதன் வழியே அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கண் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கையை ஆட்டியதும் மறைந்தது.

"உக்காருங்க," என்றார் அவர். "எதுக்காக?"

அவள் சொன்னாள். கதவிலிருந்து ஆரம்பித்து, வாய்க் கண்ணாடி, ஞாயிறு படங்கள், துறைமுகம், பனிமலை, நாளைக்கு வரப்போகிறவர்கள் வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல, இது பெரியவர்கள் செய்கிற காரியம் மாதிரி அவளுக்கே தெரியவில்லை.

"படம் இருக்கா?"

போனைக் கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். விரலால் பெரிதாக்கி, இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, வரி வரியாகப் பார்த்தார். ஒரு படத்தில் நின்றார்.

"ஸ்டேஷன் பலகையில 'சந்திப்பு'ங்கிறதுல பானாவுக்கு மேல புள்ளி இல்ல."

"அது நகத்தளவு பலகைங்க."

"பிழைக்கு அளவு கிடையாதும்மா."

"நாளைக்குள்ள ஓட்டையை அடைச்சுடறோம், சார். பெயிண்டும் அடிச்சுக் கொடுத்துடறோம்."

அவள் மடியில் இருந்த எஞ்சினைப் பார்த்தார். "இது இப்ப எங்க போகுது?"

"எங்கயும் போகலைங்க. சுவத்துல முட்டிக்கிட்டு நின்னுடும்."

"இப்ப அங்க சுவர் இல்லையே."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கோபமா கிண்டலா என்று பிடிபடவில்லை. அவர் எழுந்து போய், நடுத்தட்டில் இருந்த புத்தகங்களை இரண்டு இரண்டாக எடுத்துத் தரையில் அடுக்கத் தொடங்கினார்.

"என் பக்கம் எவ்வளவு தண்டவாளம் வேணும்னு சொல்லுங்க. காலையில நான் வேலை பார்க்கும்போது வண்டி வரக்கூடாது. விசில் வேண்டாம். உங்க வீட்டுக்காரர் சிரிப்பைப் பத்தி அப்புறம் தனியா பேசிக்கலாம்."

அன்று சாயங்காலம் ஓட்டை வழியாகத் தண்டவாளம் அந்தப் பக்கம் போனது. இவள் இந்தப் பக்கத்திலிருந்து தள்ள, அவர் அந்தப் பக்கத்திலிருந்து வாங்கினார். இரண்டு முறை வண்டியை விட்டுப் பார்த்தார்கள். போனது, வந்தது. ஆனால் அந்தப் பக்கம் என்ன கட்டப் போகிறார் என்று கேட்டபோது அவர் சொல்லவில்லை. ஓட்டையில் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டார்.

"என்னங்க பண்றார்?" என்று கணவர் கேட்டார்.

"தெரியலை. கத்தரிக்கோல் சத்தம் கேக்குது."

குழுவை வாரக்கணக்கில் தவிக்கவிட்ட கேள்வி, சுற்றி வளைத்து அவளிடமே வந்து சேர்ந்துவிட்டது. சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் என்ன என்று அவளுக்கும் இப்போது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் வந்தார்கள். அட்மின் எழுத்தில் எவ்வளவு நீளமோ நேரில் அவ்வளவு குள்ளம்; பேச்சும் குறைவு. பாலம் தோளில் அளவு நாடாவோடு வந்தார், கழற்ற மறந்திருந்தார். மேகம் ஒரு பெரிய அட்டைச் சுருளைக் கக்கத்தில் வைத்திருந்தார். பிஸ்கட்டை மூன்று பேருமே கொண்டுவந்திருந்தார்கள்.

சாப்பாட்டு அறைக்குள் வந்து நின்றார்கள். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார்கள்.

"கதவு," என்றார் பாலம் கடைசியில்.

"ரூம்னு சொன்னீங்களே," என்றார் அட்மின்.

"ரூம்லதாங்க இருக்கு," என்றாள் அவள். காது இரண்டும் சூடாகிவிட்டது. கணவர் ஜன்னலுக்கு வெளியே அவசரமாக எதையோ பார்த்தார்.

மேகம் மட்டும் சுருளைக் கீழே வைத்துவிட்டு முட்டி போட்டார். ஒரு கண்ணை மூடினார். தலையைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுபோனார். சற்று நேரம் ஆடாமல் அசையாமல் இருந்தார்.

"இதோ. இந்த இடம்தான். ஏரியில காலை வெயில் விழுமே, அந்தப் படம். நான் போன்ல முன்னாடி வெச்சிருக்கேனே, இதே இடம்தான்."

மறுகணம் மற்ற இருவரும் தரையில் இருந்தார்கள். பாலம் தன் பங்குக்குப் பாலத்தின் அடியில் கன்னத்தை வைத்துக்கொண்டார். அட்மின், ஸ்டேஷன் வாசலில் இடம் கிடைக்காமல், வயலின் ஓரமாக மண்டியிட்டார். பெரிய பெரிய மனிதர்கள் மூன்று பேர், ஒவ்வொரு கண்ணாக மூடி மூடித் திறந்துகொண்டு, "அந்தப் படம் இங்க", "இல்ல, இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று முனகிக்கொண்டே கதவைச் சுற்றித் தவழ்ந்தார்கள். கணவர் டீயைத் தரை மட்டத்திலேயே கொடுத்தார்.

"சரி, சுரங்கம்?" என்றார் அட்மின், முட்டியைத் தேய்த்துக்கொண்டே. "சுவரை ஒட்டி இருக்கே. வண்டி உள்ள போய் முட்டிக்குமா?"

அவள் சுவிட்சைத் திருப்பினாள். எஞ்சின் இரண்டு பெட்டிகளையும் ஒரு திறந்த வண்டியையும் இழுத்துக்கொண்டு, வயலைத் தாண்டி, பாலத்தில் ஏறி, மலைக்குள் நுழைந்தது. கடைசி வண்டியும் மறைந்தது. சத்தம் மெலிந்தது. முட்டுகிற சத்தம் வரவில்லை. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வண்டி போய்க்கொண்டே இருந்தது. எங்கோ இன்னொரு வீட்டில் ஓடுவது போல மிகத் தூரத்தில் கேட்டது. பிறகு நின்றது.

சுவரில் ஒரு தட்டு விழுந்தது.

அவள் வண்டியைப் பின்னால் எடுத்தாள். திறந்த வண்டியில் ஒரு பலகை வந்தது. நகத்தளவு. அச்சுத்தாளிலிருந்து கத்தரித்து அட்டையில் ஒட்டியது. 'சந்திப்பு' என்று இருந்தது. எல்லாப் புள்ளிகளும் இருந்தன.

"அந்தப் பக்கம் ஆள் இருக்கு," என்றார் மேகம்.

அடுத்த நிமிஷம் ஐந்து பேரும் பக்கத்து வீட்டு வாசலில் நின்றார்கள். டொக்டொக் இஸ்திரி போட்ட சட்டையில் கதவைத் திறந்தார். காத்துக்கொண்டிருந்தது தெரிந்தது, காத்திருக்காதது மாதிரி வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடும் தெரிந்தது.

அலமாரியின் நடுத்தட்டில் ஒரு நகரம் இருந்தது. துறைமுகம் இல்லை, பனி இல்லை, கரியும் இல்லை. பிழை திருத்தித் தள்ளிய தாள்களை மடித்து மடித்துச் செய்த வெள்ளை வீடுகள். மாடி மேல் மாடி. சுவர்களில் எல்லாம் எழுத்து. ஒரு வீட்டில் 'மேற்படி சொத்தின் வடக்கே' என்று இருந்தது. அதன் பக்கத்து வீட்டில் 'பிரதிவாதி மறுக்கிறார்'. சிவப்பு மையில் அவர் போட்ட திருத்தக் குறிகள் ஜன்னல்களுக்கும் வாசல்களுக்கும் வளைவுகளாக அமைந்திருந்தன. ஒரு கேள்விக்குறி தெருவிளக்காக நின்றது.

பல்லக்கா டொக்டொக்கைத் திரும்பிப் பார்த்தாள். நேற்று மத்தியானம் இவர் ஓட்டை வழியாக வெறும் மூக்குக் கண்ணாடியாக இருந்தார்.

அட்மின் 'பிரதிவாதி மறுக்கிறார்' வீட்டின்முன் மண்டியிட்டு, "என்னத்தை மறுக்கிறார்?" என்று கேட்டார்.

"அது அடுத்த பக்கத்துல இருக்கு. அதை இன்னும் மடிக்கலை."

பாலம் தோளிலிருந்து நாடாவை உருவி, அலமாரிக்கும் மேசைக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அளந்து பார்த்தார். கண்ணில் ஒரு வெறி. "இங்கிருந்து மேசைக்குத் தாண்டலாம். ஒரே வளைவு. தூண் வேண்டாம்."

மேகம் வெறுமையாக இருந்த பின்சுவரைத் தடவினார். "சார், இங்க ஒரு வானம் போட்டுக்கலாமா?"

"என்ன வானம்?"

"கொஞ்சம் மேகத்தோட."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

மேகத்திடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. உட்கார்ந்து நிதானமாக விளக்க ஆரம்பித்தார். மழை மேகம் வேண்டாம், காகித ஊருக்கு ஆகாது என்பதில் இருவரும் உடனே ஒத்துப்போனார்கள். அன்று கிளம்புவதற்குள் அட்மின் குழுவுக்கு ஒரு புது விதி அறிவித்தார்: இனிமேல் யாரும் யாரிடமும் ஊரின் அளவைக் கேட்கக்கூடாது. அவர் எழுதியதிலேயே சின்னச் செய்தி அதுதான்.

டொக்டொக்கையும் குழுவில் சேர்த்தார்கள். அவருக்கு வைத்த பெயர் புள்ளி. மறு ஞாயிறு அவர் முதல் படத்தைப் போட்டார். எஞ்சின் சுவரிலிருந்து மூக்கை நீட்டுகிற படம். கலங்கியிருந்தது, கோணலாக இருந்தது, கால்வாசிக்கு அவருடைய கட்டைவிரல். குழு கொண்டாடித் தீர்த்துவிட்டது. உயிரோட்டம் என்றார் பாலம். அந்தக் கட்டைவிரல் ஒரு மலை மாதிரி நிற்கிறது என்று அட்மின் இரண்டு திரைக்கு எழுதினார். அதே காலையில் பல்லக்கா போட்ட படம், பனித்துளி உட்காரவைத்து எடுத்த ரயில் பாலம், மூன்று கைதட்டலோடு கீழே போய்விட்டது.

"விரலை எடுத்திருக்கலாம்," என்றாள் அவள்.

"எது, மலையையா?" என்றார் கணவர்.

அவரோடு அன்று முழுக்கப் பேசவில்லை. குழுவில் 'நல்ல படம்' என்று எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதி அனுப்பினாள். செவ்வாய்க்கிழமை வரை தாக்குப்பிடித்தாள். பிறகு வாய்க் கண்ணாடியையும் போனையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மணியை அழுத்தினாள்.

"உங்க பக்கத்துல இருந்து ஒரு படம் எடுத்துக்கட்டுமாங்க?"

"இந்தப் பக்கத்தை முடிச்சுடறேன். அஞ்சு நிமிஷம்." அவர் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் மேசை விளக்கை அலமாரிப் பக்கம் திருப்பி வைத்தார்.

அவள் முட்டி போட்டு, காகித வீடுகளுக்கு நடுவே போனைத் தாழ்த்தினாள். வெள்ளைத் தெரு நேராகப் போய், கறுப்புத் துணியை எடுத்துவிட்ட ஓட்டையில் முடிந்தது. ஓட்டைக்கும் சுரங்கத்துக்கும் அந்தப் பக்கம், தூரத்தில், ஒரு அறை தெரிந்தது. ஒரு மேசை, மேசைமேல் பிஸ்கட் தட்டு, வேலை முடிந்து வந்து யூனிஃபார்மோடு காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு மனிதர். சட்டையில் மேல் பட்டன் திறந்திருந்தது. யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில் ஒரு பிஸ்கட்டை முழுசாக டீயில் அமிழ்த்திக்கொண்டிருந்தார். அது பாதி உடைந்து விழுந்ததும் விரலை விட்டுத் துழாவினார்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். அங்கே உட்கார்ந்தபடியே குழுவில் போட்டாள். படம் துல்லியமாக இருந்தது.

"அது யார்?" என்று உடனே கேட்டார் மேகம்.

"அந்த ஊர்க்காரர்," என்று எழுதினாள் பல்லக்கா.